கட்டிலுக்கடியில் முப்பத்தாறு பாட்டில்

ஃபெலிஸ்மினா தவேய்ராவின் படுக்கையறையில் ஹீட்டர் கிடையாது. ஆற்றங்கரை ஊரான கயாவின் மேட்டுத் தெருவில், பாறையை வெட்டி அதையே பின்சுவராக வைத்துக் கட்டிய வீடு அது. டிசம்பர் வந்தால் அந்தச் சுவரில் நீர் கோத்து நிற்கும். அவள் கணவன் பெலார்மினோ கம்பளித் தொப்பியும் இரண்டு ஜோடிக் காலுறையும் போட்டுக்கொண்டுதான் கட்டிலேறுவான். முப்பத்தொரு வருடமாக இதுதான் வழக்கம். காரணம் கட்டிலுக்கடியில் படுத்திருந்தது. முப்பத்தாறு பாட்டில் போர்ட் ஒயின். எல்லாமே மகள் லியோனில்டே பிறந்த எண்பத்தைந்தாம் வருடத்து அறுவடை.

மகளின் கல்யாண விருந்தில் திறப்பதற்கென்று வைத்தவை. மகள் பள்ளிக்குப் போய், கல்லூரிக்குப் போய், இரண்டு காதலர்களை வேண்டாமென்று அனுப்பி, முப்பத்துமூன்று வயதில் மெட்ரோ ரயில் ஓட்டுகிற டாடேயுவைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். அதுவரை பாட்டில்கள் பொறுமையாகக் கிடந்தன. பெலார்மினோவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

ஃபெலிஸ்மினா ஆற்றங்கரையிலிருந்த வரேஜாவ் ஒயின் கிடங்கில் பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தவள். பாட்டில்களைப் படுக்க வைத்து அடுக்குகிற பகுதியில் வேலை. பாட்டிலில் முதிர்கிற ஒயின் வருடங்கள் போகப் போகக் கசடு தள்ளும். பாட்டில் படுத்திருப்பதால் அந்தக் கசடு கீழ்ப்பக்க வயிற்றில் தோல்போல ஒட்டிக்கொள்ளும். பிறகு எப்போது நகர்த்தினாலும் அதே பக்கம் கீழே இருக்கும்படி வைத்தாக வேண்டும். புரட்டிவிட்டால் தோல் உடைந்து ஒயின் முழுக்கச் சேறாகிவிடும். அதற்காகத்தான் மேல்பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு வெள்ளைக் கோடு. கோடு மேலே, கசடு கீழே. கிடங்கில் அந்தக் கோட்டைப் போடுகிற வேலை நாற்பத்திரண்டு வருடமாக அவளுடையது.

மற்றவர்கள் தூரிகையைத் தொட்டு ஒரு அப்பு அப்பிவிட்டுப் போவார்கள். ஃபெலிஸ்மினாவின் கோடு இடப்பக்கம் தடிமனாகத் தொடங்கி, வலப்பக்கம் எலிவால்போல மெலிந்து முடியும். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. தூரிகையை எந்த அளவுக்கு நனைத்தால் வழியாது, எவ்வளவு வேகத்தில் இழுத்தால் திட்டு விழாது என்று அவளே போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்ததுதான். கிடங்கின் தலைமை அதிகாரி எர்மோஜெனஸ், இருட்டில் விரலால் தடவியே அது அவள் கோடா என்று சொல்லிவிடுவார் என்பார்கள். எந்தக் கிளாஸையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாயில் வைக்காத மனிதர் அவர். ஒரு தூசு மிதந்தாலும் கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் மோசம்.

பெலார்மினோவும் அதே கிடங்குதான், ஆனால் முற்றத்துக்கு அந்தப் பக்கம். மரப் பீப்பாய்களின் பக்கம். இருவரும் காதலித்த காலத்திலேயே இதை வைத்துச் சண்டை. மரத்தில் இருக்கிற ஒயின் மூச்சுவிடுகிறது, கற்றுக்கொள்கிறது, நிறம் மாறி ஊரறிந்த ஆளாகிறது என்பது அவன் கட்சி. கண்ணாடியில் இருப்பது சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற மாமியார் என்பான் அவன். மரத்தில் போட்டது வருடத்துக்குக் கொஞ்சமாகக் காற்றில் போய்விடுகிறது, அந்தப் பள்ளத்தை வேறு வருடத்து ஒயினை ஊற்றி நிரப்புகிறீர்கள், கடைசியில் வயதைக் கேட்டால் சுமார் முப்பது என்கிறது, சுமார் முப்பது என்று சொல்கிற பெண்ணை நம்பலாமா என்பாள் இவள். கண்ணாடியில் இருப்பது ஒரே வருடம். அந்த வருடம் பெய்த மழை, அடித்த வெயில், அவ்வளவுதான் உள்ளே இருக்கும். ஒரு சொட்டு வெளியே போகாது, ஒரு சொட்டு உள்ளே வராது.

செலவைப் பற்றியும் அவர்களுக்குள் ஒத்துப்போனதில்லை. மரம் தினமும் ஒரு கரண்டி கேட்கும், அது வாடகை மாதிரி, கொடுத்துப் பழகிவிடலாம் என்பது அவன் கணக்கு. கண்ணாடி ஒன்றுமே கேட்காது. கை வழுக்குகிற ஒரு நாளில் மொத்தத்தையும் கேட்கும். அதைவிடக் கொடுமை, உள்ளே என்ன நடக்கிறதென்று தெரிந்துகொள்ள முடியாது. பீப்பாயென்றால் மேல் துளை வழியாக ஒரு வாய் எடுத்துப் பார்க்கலாம். பாட்டிலைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பாட்டிலையே தீர்க்க வேண்டும். அந்தக் கொடுமைதான் ஃபெலிஸ்மினாவுக்குப் பிடித்தது. தெரியாமல் காத்திருப்பதில் ஒரு ருசி இருக்கிறது என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அதற்குப் பேர் கல்யாணம் என்றான் பெலார்மினோ.

முப்பத்தாறு பாட்டிலையும் வாங்குவதற்கு அவள் தன் கல்யாணத்துக் கம்பிவேலைத் தங்கத் தோடுகளை விற்றிருந்தாள். காதில் தொங்கியதைக் கட்டிலுக்கடியில் படுக்க வைத்துவிட்டாள் என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தான் அவன். ஆனால் உண்மையான விலை பிறகுதான் தெரிந்தது. ஒயினுக்குச் சூடு ஆகாது, எனவே ஹீட்டர் இல்லை. வெளிச்சம் ஆகாது, எனவே ஜன்னல் கதவு வருடம் முழுக்கச் சாத்தியே இருக்கும். அதிர்வு ஆகாது. பெலார்மினோ திருவிழாக் குழுவில் பெரிய முரசு அடிப்பவன். ஒத்திகையை வீட்டில் செய்யக்கூடாதென்று உத்தரவானதால், ஞாயிற்றுக்கிழமைகளில் முரசைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்து மதிலருகே போவான். அங்கே யாரும் ஆட்சேபிக்கவில்லை. லிஃப்ட் வைத்த புதுக் கட்டடத்தில் மலிவாக ஒரு வீடு வந்தபோது, படுக்கையறை தெற்குப் பார்த்திருக்கிறது, நாள் முழுக்க வெயில் விழும் என்று ஃபெலிஸ்மினா மறுத்துவிட்டாள். லியோனில்டே குழந்தையாக இருந்தபோது அந்த வீட்டில் கட்டிலின்மேல் குதித்ததே இல்லை. இந்த வீட்டில் ஒயினுக்குத்தான் படுக்கையறை, நாங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம் என்று பெலார்மினோ விருந்தாளிகளிடம் அறிமுகம் செய்வான்.

கல்யாணத் தேதி குறித்ததும் ஃபெலிஸ்மினா ஒரு தவறு செய்தாள். கிடங்கு மொத்தத்தையும் விருந்துக்கு அழைத்தாள். எர்மோஜெனஸையும் அழைத்தாள். முப்பது வருடமாக அந்த ஒயினைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள் வேறென்ன செய்வாள். எத்தனை லட்சம் பாட்டில்களுக்குக் கோடு போட்டிருப்பாள், அவற்றில் ஒன்றைக்கூட அவள் கையால் பிறருக்கு ஊற்றியதில்லை. அவள் காத்து வைத்த ஒயின் அன்றைக்கு நூறு பேர் கண்ணெதிரே கிளாஸில் தெளிவாக நின்றாக வேண்டும்.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில், சோதித்துப் பார்க்க ஒரு பாட்டிலை எடுத்தாள். கோடு மேலே இருக்கும்படியே கட்டிலுக்கடியிலிருந்து உருவி, தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிச் சமையலறைக்குக் கொண்டுவந்தாள். கார்க் முனகிக்கொண்டே வந்தது. பாட்டிலின் கழுத்துக்குக் கீழே மெழுகுவர்த்தியை வைத்து, கழுத்தில் கசடு தலைகாட்டுகிற வரைக்கும் ஊற்றலாம் என்று மெதுவாகச் சாய்த்தாள். வழக்கமாக முக்கால் பாட்டில் வரை தெளிவாக வரும்.

முதல் சொட்டிலேயே சேறு வந்தது. கறுப்புச் செதில்கள் கண்ணாடிக் கூஜாவுக்குள் பொலபொலவென்று உதிர்ந்து சுழன்றன.

ஃபெலிஸ்மினா பாட்டிலை மேசைமேல் வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். பாட்டிலின் வெள்ளைக் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தாள். பிறகு கணவனை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முழுப் பெயர் என்றால் விஷயம் பெரிது என்று அவனுக்குத் தெரியும். வாசல்வரை வந்து நின்றுகொண்டான்.

"இந்தக் கோட்ட யாரு போட்டது?"

"நீதான். வேற யாரு."

"என் கோட்டுக்கு வால் இருக்கும், பெலார்மினோ. இதுக்கு ரெண்டு பக்கமும் தலை இருக்கு."

அவன் கூஜாவைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். தொப்பி இல்லாத தலையைச் சொறிந்துகொண்டான்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி நீ பித்தப்பைக்கு ஆஸ்பத்திரில இருந்தியே..."

"இருந்தேன்."

"அப்ப ஒரு ஹீட்டர் வாங்கினேன்."

அவன் தொடர்ந்தான். ஜனவரி மாதம். வீட்டில் தனியாக இருந்தான். பத்தே பத்து நாள், வாழ்க்கையில் ஒரு தடவை, சூடான அறையில் தூங்கிப் பார்க்கலாம் என்று ஆசை வந்தது. ஆனால் அவன் பாட்டில்களுக்குத் துரோகம் செய்யவில்லை. முப்பத்தாறையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய், குளிர்ந்த குளியல் தொட்டியில் வைத்துவிட்டுத்தான் ஹீட்டரைப் போட்டான். பத்து நாளும் அவன் குளிக்கவில்லை.

"நான் வயித்தக் கிழிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். நீ இங்க குளிர்காய்ஞ்சுக்கிட்டு இருந்தியா?"

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கஷ்டப்படணும்னு எங்கயும் எழுதி வைக்கலையே, மினா."

ஃபெலிஸ்மினா அதையும் விட்டுவிட்டாள். ஹீட்டர் விளக்கம் அவளுக்குப் போதவில்லை. குளியல் தொட்டியில் வைத்தால் கோடு எப்படி மாறும் என்று கேட்டாள். இதற்குத்தான் அவன் வாசலைத் தாண்டி உள்ளே வராமல் நின்றிருந்தான். திரும்ப வைப்பதற்கு முன் அவளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்து எல்லாவற்றையும் கழுவியிருக்கிறான். பீப்பாய்க்காரர்கள் எதையும் கழுவாமல் விடமாட்டார்கள். இருபத்துமூன்று வருடத்துத் தூசியும் பூஞ்சையும் போக நன்றாகத் தேய்த்தான். தண்ணீர் வெள்ளையாக ஓடியபோதுதான் கோடும் போகிறதென்று புரிந்தது.

"சோப்புப் போட்டா?" என்றாள் ஃபெலிஸ்மினா. குரல் மிகவும் தணிந்திருந்தது.

"கொஞ்சமா."

"ஹீட்டர மன்னிச்சாலும் மன்னிப்பேன். இத மன்னிக்கமாட்டேன். சரி, கழுவின. அப்புறம் எந்தக் கணக்குல இந்தப் பக்கம் கோடு போட்ட?"

அவன் நிமிர்ந்தான். இந்தக் கேள்விக்கு மட்டும் அவனிடம் நல்ல பதில் இருந்தது. ஒவ்வொரு பாட்டிலையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தானாம். ஒரு பக்கத்தில் கசடு ஒட்டியிருந்தது. அந்த இடத்தில் சரியாகக் கோடு போட்டான். மரப் பகுதியில் அப்படித்தான். பீப்பாயில் எந்தப் பலகை கசிகிறதோ அதன்மேல் சுண்ணக்கட்டியால் குறி போடுவார்கள், கோளாறு இங்கே என்று. பிறகு, ஃபெலிஸ்மினா குனிந்து பார்க்கும்போதெல்லாம் கோடு மேலேதான் இருக்கும் என்பது நினைவுக்கு வர, எல்லாவற்றையும் கோடு மேலே தெரியும்படி அழகாக அடுக்கி வைத்துவிட்டான். அதாவது கசட்டை உச்சந்தலையில் ஏற்றி. அறுவைச் சிகிச்சைக்குப் பின் வெகுகாலம் குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ஃபெலிஸ்மினா கிட்டே போய்ப் பார்க்கவில்லை. அவள் குனிகிற நிலைக்கு வந்தபோது புதுத் தூசி படிந்து எல்லாம் ஒன்றுபோலாகிவிட்டது.

"நாப்பது வருஷமா என்கூடக் குடித்தனம் பண்ற," என்றாள் அவள். "கோடு எதுக்குன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா?"

"கேட்டா ரெண்டு மணி நேரம் சொல்லுவியேன்னுதான்."

சாயங்காலம் மகள் வந்தாள். கதையைக் கேட்டுவிட்டு, கடையில் நுரைக்கிற ஒயின் வாங்கிக்கொள்ளலாமே என்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். பிறகு வாய்தவறி, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அப்பாவைப் பார்க்க வந்த அன்றுதான் இந்த வீட்டுக்குள் முதல்தடவையாகக் காலுறை இல்லாமல் நடந்ததாகச் சொன்னாள். ஆக அவளுக்கும் அப்போதே தெரிந்திருக்கிறது. தகப்பன் அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான்.

ஃபெலிஸ்மினா இருவரையும் அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கூஜாவிலிருந்த சேற்றை மெல்லிய துணியில் வடிகட்டி, அரைக் கிளாஸ் எடுத்துக் குடித்துப் பார்த்தாள். இந்தத் தெளிவில்லாத அரைக் கிளாஸுக்குத்தான் தோடு போயிருந்தது, புது வீடு போயிருந்தது, முப்பத்தொரு குளிர்காலமும் போயிருந்தது. வாயில் வைத்ததும் கறுப்புச் செர்ரி தெரிந்தது. அது வயதான பழம் இல்லை, நேற்றுப் பறித்த பழத்துக்கு இன்று கொஞ்சம் நிதானம் வந்தமாதிரி. திராட்சை விளைகிற ஆற்றின் மேல்கரையில் வெயில் தின்ற கல்லின் வாசம் அதற்குப் பின்னால் வந்தது. விழுங்கிய பிறகும் போகாமல் நின்றது. ஃபெலிஸ்மினா கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தாள். ஒயின் எப்படி என்று கேட்டதற்கு, அதன்மேல் தப்பில்லை என்று மட்டும் சொன்னாள்.

இனி அதைத் தெளியவைப்பதுதான் பாக்கி. மேலே பழைய கசடு, கீழே எட்டு வருடத்துப் புதுக் கசடு என்று பாட்டிலின் இரண்டு பக்கமும் இருந்தால் படுக்க வைத்துப் பயனில்லை. மீதி முப்பத்தைந்தையும் படுக்கையறைத் தரையில் நிற்க வைத்தாள். எட்டு நாளில் செதில்கள் அடிக்கு இறங்கிவிடும். அதுவரை யாரும் அந்த அறைக்குள் காலடி வைக்கக்கூடாது. ஃபெலிஸ்மினா மகளின் பழைய கட்டிலில் படுத்தாள். பெலார்மினோவுக்குச் சமையலறைப் பெஞ்சு கிடைத்தது. அடுப்புக்கு அருகில் இருப்பதால் அவன் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளவில்லை என்று பார்த்ததும், பெஞ்சைக் கூடத்துக்கு மாற்றச் சொன்னாள்.

இன்னொரு சிக்கல் இருந்தது. ஊற்றுவதைக் கல்யாண நாள் காலையில் இங்கேயே செய்துவிட வேண்டும். வண்டியில் ஏற்றினால் மறுபடி கலங்கிவிடும். பன்னிரண்டு மணிக்குத் திருமணம். முப்பத்தைந்து பாட்டிலை ஒருத்தி கையால் அதற்குள் ஊற்றி முடிக்க முடியாது. இரண்டாவதாக ஒரு கை வேண்டும், ஆடாத கை. கிடங்கிலிருந்து ஆள் கூப்பிட்டால் சேற்றின் கதை எர்மோஜெனஸ் காதுக்குப் போகும். வீட்டில் இருந்தது நாற்பது வருடம் பீப்பாய் உருட்டியும் முரசு அடித்தும் இறுகிய ஒரே ஒரு கைதான். அதுவும் குற்றவாளியின் கை.

எட்டு நாளும் பெலார்மினோ காலிப் பாட்டிலில் தண்ணீரும் காப்பித்தூளும் போட்டுப் பழகினான். சாய்க்கத் தொடங்கினால் நிறுத்தக்கூடாது, நிமிர்த்தி மறுபடி சாய்க்கக்கூடாது, ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும், கறுப்பு இழை கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். முதல் நாள் காப்பித்தூள் முழுவதும் கூஜாவுக்குள் போனது. ஐந்தாம் நாள் சுத்தமாக வந்தது. இதெல்லாம் ஒரு வேலையா, தூங்குகிறவர்களை எழுப்பாமல் பையிலிருந்து சில்லறை எடுக்கிற மாதிரிதானே என்றான். உனக்கு அதில் அனுபவம் இருக்கும் என்றாள் ஃபெலிஸ்மினா.

கல்யாண நாள் ஆறு மணிக்குத் தொடங்கினார்கள். சாத்திய ஜன்னல், இரண்டு மெழுகுவர்த்தி, இரண்டு கூஜா, தெளிந்ததை ஊற்றி மண்டபத்துக்கு எடுத்துப்போகக் கழுவி வைத்த காலிப் பாட்டில்கள். ஆளுக்கொரு பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். நான்கு பாட்டிலில் கார்க் நொறுங்கி விழுந்தது. அவற்றை மெல்லிய துணியில் வடித்தாள். ஒவ்வொன்றிலும் அடியில் கால் பாட்டில் சேறாக நின்றுவிட்டது. பெலார்மினோ பயத்தில் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்தினான். அவ்வளவு நல்ல ஒயினை வீணாக்குகிறானே என்று அவனை முறைத்துவிட்டு அவள் அடுத்த பாட்டிலை எடுத்தாள். கூஜாவில் விழுந்தது மாணிக்கம்போல நின்றது.

முப்பத்தோராவது பாட்டில் பெலார்மினோவின் கையில் இருந்தபோது கதவு லேசாகத் திறந்தது. லியோனில்டே கல்யாண உடையில் நின்றிருந்தாள். முதுகுப் பொத்தான் எட்டவில்லை, அம்மா வேண்டும் என்று கேட்க வந்தவள். பெலார்மினோ நிமிர்ந்து பார்த்தான். கை நின்றது, பாட்டில் நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. கறுப்பு இழை முழுவதும் ஒரே வீச்சில் கூஜாவுக்குள் இறங்கியது. நல்லவேளை, அந்தக் கூஜாவை அப்போதுதான் காலி செய்திருந்தார்கள். அவன் அதை மட்டும் தனியாக ஒரு பாட்டிலில் ஊற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, முப்பத்திரண்டாவதை எடுத்தான். ஃபெலிஸ்மினா பார்க்காததுபோல எழுந்து பொத்தான் போடப் போனாள்.

விருந்து பங்குக் கோயிலின் மண்டபத்தில். வறுத்த ஆட்டிறைச்சி முடிந்து, சீஸ் வந்ததும் ஒயின் மேசைகளுக்குப் போனது. நூற்றிரண்டு பேர். ஃபெலிஸ்மினா உட்காரவில்லை. சுவரோடு நின்று ஒரே ஒரு மேசையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். எர்மோஜெனஸ் தன் கிளாஸை எடுத்தார். நாற்காலியிலிருந்து எழுந்தார். ஜன்னலருகே போய் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். ஃபெலிஸ்மினாவுக்கு அந்த நேரம் பிரசவ வலியைவிட நீளமாக இருந்தது. அவர் குடித்தார். இடத்துக்குத் திரும்பி வந்து, காலிக் கிளாஸைப் பரிமாறுகிற பெண்ணிடம் நீட்டினார். அவள் ஊற்றியதும் உட்கார்ந்தார். இந்தமுறை ஜன்னலுக்குப் போகவில்லை.

மணப்பெண் ஒரு வாய் குடித்துவிட்டு மாப்பிள்ளையிடம் ஏதோ சொன்னாள். இருவரும் ஒரே கிளாஸில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். அதன்பிறகுதான் ஃபெலிஸ்மினா கணவனைத் தேடினாள். குடும்ப மேசையில் அவன் கிளாஸ் தொடாமல் அப்படியே இருந்தது. மண்டபத்துச் சமையலறைக் கதவுக்குப் பின்னால், காலடியில் ஒரு பாட்டிலும் கையில் தண்ணீர் டம்ளருமாக நின்றிருந்தான். டம்ளரில் இருந்தது தண்ணீரில்லை. கறுப்பாக, கலங்கலாக இருந்தது.

"மக கல்யாணத்துல கதவுக்குப் பின்னாடி நின்னு என்ன குடிக்கிற?"

"முப்பத்தொண்ணாவது."

"மேசையில நல்லது இருக்குல்ல."

"அது விருந்தாளிங்களுக்கு. இது நான் பண்ணினது, நானே தீர்க்கிறேன்." நாக்கால் பல்லைத் துழாவிக்கொண்டான். "மண்ணு மாதிரி நறநறங்குது, மினா. ஆனாலும்..."

மரப் பகுதியில் நாற்பது வருடம் வேலை பார்த்தவன். அதற்குமேல் அந்த வாக்கியத்தைக் கொண்டுபோக அவனால் முடியவில்லை. ஃபெலிஸ்மினா அவன் கையிலிருந்து டம்ளரை வாங்கி, இருந்ததில் பாதியைக் குடித்தாள். செதிலைப் பல்லிடுக்கில் கடித்துப் பார்த்தாள். பிறகு பாட்டிலின் அடியில் மிச்சமிருந்ததையும் ஊற்றச் சொல்லி டம்ளரை நீட்டினாள்.